மானை நெருங்க ஐந்து நாள் பயிற்சி

அடுத்த மாதம் உங்களில் சிலரை வனவிலங்கு மீட்புப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது, போய்வாருங்கள். எந்த ஊர், சாப்பாடு எப்படி, தங்கும் அறையில் ஏசி உண்டா, சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்றெல்லாம் இதற்குள் விசாரித்து முடித்திருப்பீர்கள். வனக்காப்பாளராக இருந்தபோது நானும் அதைத்தான் விசாரித்தேன். வனவராகி, பயிற்சிக்கு ஆள் அனுப்பும் இடத்துக்கு வந்த பிறகும் அதைத்தான் விசாரித்தேன். விருத்தாசலத்தில் வேலை பார்த்தபோது அப்படி விசாரித்து ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கான கட்டணத்தை இலாகா கட்டியது. மீதியை மங்கலம்பேட்டையைச் சேர்ந்த ஒரு பெண் கட்டினார். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக இதில் அதிகம் இருக்காது.

கைக்குள் அடங்கும் பட்டன் போன் எங்களைப் போன்றவர்களுக்கும் வந்து சேர்ந்திருந்த காலம் அது. கோடை வந்தால் காப்புக்காட்டில் குட்டைகள் வற்றிவிடும். புள்ளிமான்கள் முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஊருக்குள் வரும். நாய்கள் துரத்தும். கிணற்றில் விழும், வேலியில் சிக்கும், யார் வீட்டுத் தோட்டத்திலாவது போய் நிற்கும். நாங்கள் வலையும் கயிறுமாக ஓடுவோம். காப்பாற்றிவிட்டோம் என்று நாங்கள் நிமிரும் நேரத்தில், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், எங்கள் மடியிலேயே செத்துப்போகும். மான் பயத்தில் சாகும் என்பதை நீங்களும் சீக்கிரமே பார்ப்பீர்கள். ஒரே கோடையில் இப்படிச் சில மான்கள் போனதும் ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டார்.

“பசங்களுக்கு ஒரு டிரெயினிங் குடுக்கணும். மார்ச்சுக்குள்ள இந்த வருஷ டிரெயினிங் நிதியச் செலவு பண்ணியாகணும். எதுன்னு நீங்களே பாத்து எழுதிக் குடுத்துடுங்க” என்றார்.

என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகத்தோடு வந்தது. மானுக்குத் தெரியாமல் மானை நெருங்குவதை ஒரு கலையாகவே வைத்துப் பரீட்சை நடத்தும் வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்தவர் அதை நடத்தினார். மலையில் ஒரு பங்களாவில் ஐந்து நாள். பச்சை உடுப்பு, சத்தம் வராத பூட்ஸ், கழுத்தில் பைனாகுலர். ஒரு ஆளுக்கான கட்டணம் எங்கள் தினக்கூலிக் காவலர் மூன்று மாதம் உழைத்தாலும் வராத தொகை.

இன்னொரு வழி எங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையிலேயே இருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. செத்த மான்களை அறுத்துப் பார்த்து எங்களுக்கு அறிக்கை கொடுப்பவர் அவர்தான். பயிற்சி விஷயம் காதில் விழுந்து, அவராகவே என்னிடம் பேசினார்.

“சார், ரெண்டு சனிக்கிழமை பசங்கள எங்கிட்ட அனுப்புங்க. ஒரு ஆட்டுப்பட்டியில வச்சுச் சொல்லிக் குடுக்குறேன். எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்.”

“ஆட்டுப்பட்டியிலயா? மானுக்கில்லம்மா டிரெயினிங்கு.”

“பயப்படுற ஜீவன் எல்லாம் ஒண்ணுதான் சார். எதப் பாத்துப் பயப்படுதுன்னு கத்துக்கிட்டா போதும்.”

“சர்டிபிகேட்டு குடுப்பீங்களா?”

அவர் சிரித்துவிட்டு, “டீ வாங்கிக் குடுப்பேன்” என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கோப்பில் என்ன எழுதுவது? ஆட்டுப்பட்டியில் இரண்டு நாள் டீ குடித்தோம், இனி மான் சாகாது என்றா? மலைப் பங்களாவுக்கே எழுதிக் கொடுத்தேன். இலவசமாகக் கிடைப்பதில் சரக்கு இருக்காது என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் பசங்கள் பச்சை உடுப்பும் பைனாகுலருமாக ஜீப்பிலிருந்து இறங்குவதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

ஐந்தாவது நாள் சான்றிதழ் கொடுக்கும் நிகழ்ச்சிக்கு என்னையும் அழைத்தார்கள். புல்வெளியில் ஒரு மான் மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வனக்காப்பாளர் முருகவேல் அதை நெருங்கிக் காட்டினான். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, சுறுசுறுப்பானவன், அந்தப் பயிற்சியில் அவன்தான் முதல். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று ஒரு சிட்டிகை மண்ணைத் தூவிப் பார்த்தான். பிறகு வயிற்றால் ஊர்ந்து போனான். இருபது அடி தூரத்துக்குப் போகும்வரை அந்த மான் தலையைத் தூக்கவே இல்லை. நான் கைதட்டினேன். ஊருக்குத் திரும்பி, மதிப்பீட்டுப் படிவத்தில் ‘மிகவும் பயனுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பயிற்சியாளர் ஏமாற்றுக்காரர் இல்லை, தன் வேலையை நன்றாகத் தெரிந்தவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து வந்த மே மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து போன் வந்தது. கொம்பு மான் ஒன்றை நாய்கள் துரத்த, அது ஒரு பொம்மை யூனிட்டுக்குள் பூந்துவிட்டது என்றார்கள். நானும் முருகவேலும் இன்னும் இரண்டு காவலர்களும் வலையோடு ஜீப்பில் கிளம்பினோம். எட்டு நிமிஷத்தில் போய்விட்டோம். கேட்டுக்கு வெளியே தெருவே கூடி நின்றது.

மான் நின்றது பொம்மைகளை உலர்த்தும் கொட்டகையில். தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஒரே ஒரு வாசல். உள்ளே இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடுக்குகள். அவற்றில் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள், ஒரு விரல் பட்டாலே உடைந்துபோகிறவை. நடுவில் இரண்டு பேர் ஒதுங்கிப் போகும் அளவுக்கு ஒரு பாதை. பாதையின் கடைசியில் சுவர், சுவரில் கம்பி போட்ட ஒரு சன்னல். வாசலுக்கு மேலே வெயிலுக்காகத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்ததால் அங்கே வெளிச்சம் மங்கல். சன்னல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

செல்வி என்று ஒரு பெண், அங்கே பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவள், கையில் விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். நாய்களை விரட்டியது அவள்தான்.

“சார், சாஜிதாக்கா உள்ள இருக்குது. நாங்க எல்லாம் வெளியே ஓடியாந்துட்டோம். அக்கா கடைசியில, சன்னலுக்குக் கீழ உக்காந்திருந்துச்சு. வர முடியல.”

கதவிடுக்கில் பார்த்தேன். பாதையின் பாதிக்கு மேல் மான் நின்றுகொண்டிருந்தது. நல்ல கிளை விட்ட கொம்பு. வாயில் நுரை, விலா ஏறி இறங்கியது. அதற்கு அப்பால் ஏழெட்டு அடியில் சன்னலின் கீழே ஒரு பெண் பலகையில் உட்கார்ந்திருந்தார். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவும் வேலை அவருக்கு. கத்தி கையிலேயே இருந்தது. மடியில் பாதி சீவிய ஒரு பொம்மை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். அசையாமல் மானையே பார்த்துக்கொண்டிருந்தார். மான் மிரண்டால் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். வெளிச்சம் அவர் தலைக்கு மேலே இருந்தது. இதை நான் அந்த நிமிஷமே புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்துகொள்ளவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு கிராமத்தில் முகாமில் இருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். அவருடைய செல்போன் கிடைக்கவில்லை. மயக்க ஊசித் துப்பாக்கி வர வேண்டுமென்றால் வேறு மாவட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மான் அப்போது ஒன்றும் செய்யவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் மண் அரைக்கும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் மானின் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. சும்மா காத்திருப்பதும் ஒரு வழிதான் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் நூறு பேர் என்னையே பார்க்கிறார்கள். யூனிட் ஓனர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “என்னா சார், எவ்ளோ நேரம் பாத்துக்கிட்டே நிப்பீங்க? பொம்பள உள்ள மாட்டிக்கிட்டு இருக்குது” என்கிறார். அவ்வளவு செலவழித்துப் பயிற்சி கொடுத்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க வெட்கமாக இருந்தது.

முருகவேல் என் காதருகே குனிந்தான். “ஐயா, நான் போறேன். அடுக்கோரமா ஊந்து போனா அதுக்குத் தெரியாது. வலையப் போட்டுடலாம்.”

“சத்தம் வரக் கூடாதுடா.”

“வராதுங்கய்யா.”

நான் திரும்பி எல்லாரையும் வாய் மூடச் சொன்னேன். மெஷினையும் நிறுத்தச் சொன்னேன். செல்வி என் சட்டைக் கையைத் தொட்டாள். “சார், அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிடட்டுமா? பயந்து கெடக்குது.” உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கினேன். மெஷின் நின்றது. தொழிற்பேட்டையில் வேலை நாளில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. உள்ளே மான் தலையைத் தூக்கி, இரண்டு காதையும் வாசல் பக்கம் திருப்பியது. பயிற்சிப் புத்தகத்தில் இதற்கும் ஒரு வரி இருந்தது. மான் தலை தூக்கினால் அசையாமல் இரு, மறுபடி தலை குனிந்ததும் தொடர்ந்து போ.

தலை கொஞ்சம் தாழ்ந்ததும், முருகவேல் வலையைத் தோளில் சுற்றிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனான். குறை சொல்ல முடியாது, மலையில் செய்ததைவிட அழகாகச் செய்தான். ஒரு பொம்மைகூட ஆடவில்லை. மானிடமிருந்து பதினைந்தடி தூரத்துக்கு வந்திருப்பான். மான் முன்னங்காலைத் தூக்கித் தரையில் டொக்கென்று அடித்தது. வால் நிமிர்ந்தது. முருகவேல் நின்று, திரும்பி என்னைப் பார்த்தான். எங்களுக்குள் சைகை உண்டு. மூடிய முஷ்டி என்றால் நில். விரித்த கை என்றால் போ.

நான் கையை விரித்துக் காட்டினேன்.

அவன் இன்னும் ஒரு முழம் நகர்ந்தான். மான் கீச்சென்று கத்தியது. அந்தத் தகரக் கூரையின் கீழே அது காதைக் கிழித்தது. சுழன்று, வெளிச்சத்தைப் பார்த்துப் பாய்ந்தது. சாஜிதா முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினார். கொம்பின் ஒரு கிளை முன்கையில் இறங்கி மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போனது. மான் சன்னல் கம்பியில் மோதி விழுந்தது. விழுந்த வேகத்தில் ஒரு அடுக்கு சரிந்து, பொம்மைகள் முருகவேலின் முதுகில் கொட்டின. புழுதி அடங்கியபோது மான் எழுந்து நின்றுகொண்டிருந்தது. இப்போது அது சாஜிதாவிடமிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். ரத்தம் வெள்ளை மண்ணில் சொட்டியது. அவர் கத்தவே இல்லை.

முருகவேல் வலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஊர்ந்து வெளியே வந்தான். “இன்னொருவாட்டி போறேன் ஐயா. இந்தத் தடவ அந்தப் பக்கத்து அடுக்கோரமா…” பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அப்போது எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

அந்த நேரத்தில் போன் அடித்தது. டாக்டரம்மா. நடந்ததை இரண்டு வரியில் சொன்னேன்.

“உள்ள எப்படிப் போனாங்க சார்?”

“சத்தமே இல்லாம. ஊந்துதான் போனான்.”

“வெளிய?”

“எல்லாரையும் அமைதியாக்கிட்டேன். மெஷினக்கூட நிறுத்தியாச்சு.”

போனில் வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

“சார், அது முந்திரித் தோப்பு மான். காலையிலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் பொம்பளைங்க பேசிக்கிட்டே கொட்டை பொறுக்குறதப் பாத்து வளந்தது. நிமிந்து நடக்குற ஆளு, பேசிக்கிட்டுப் போற ஆளு, அதெல்லாம் அதுக்கு ஆபத்து கெடையாது. சத்தமில்லாம தவழ்ந்து வர்றவன் யாரு? திருட்டு வேட்டைக்கு வர்றவன்தானே? நீங்க அவனத்தான் உள்ள அனுப்பியிருக்கீங்க.”

அந்தப் பயிற்சி எங்கே பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று நான் கேட்டதே இல்லை. அந்த நாட்டில் மானைச் சுடப் போகிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பது அது. சுடப் போகிறவனுக்கு மான் தன்னைப் பார்க்காமல் இருந்தால் போதும். எங்களுக்கோ மான் எங்களைப் பார்த்தும் பயப்படாமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

“இப்ப என்னம்மா செய்யறது?”

“மெஷின மறுபடி ஓடவிடுங்க. எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கட்டும், பேசட்டும். வாசலத் தொறந்து வழி விடுங்க. அந்தச் சன்னல வெளிப்பக்கமா மூடுங்க. வெளிச்சம் வாசல்ல மட்டும் இருக்கணும். அப்புறம் காத்திருங்க. யாரும் அதுங்கூடக் கண்ணுக்குக் கண்ணு பாக்கக் கூடாது. நான் கெளம்பிட்டேன்.”

தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னேன். தெருக் கூட்டத்தைக் காவலர்கள் ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். நான் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு சன்னலுக்குப் போனேன். சாஜிதாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை அங்கேதான்.

“தங்கச்சி, நான் பாரஸ்ட்காரன் பேசறேன். மெதுவாப் பேசுங்க, ஆனா பேசுங்க. கை எப்படி இருக்குது?”

“துப்பட்டியால சுத்தியிருக்கேன் சார். விரல அசைக்க முடியல.”

“இந்தச் சன்னலச் சாக்குப் போட்டு மூடப்போறேம்மா. உங்களுக்கு இருட்டாயிடும். மான் வெளிச்சத்தப் பாத்துதான் உங்க பக்கமா நிக்குது.”

“மூடுனா போயிடுமா?”

“போவும்னு டாக்டரம்மா சொல்றாங்க.”

“எவ்ளோ நேரம் ஆவும் சார்?”

“தெரியலம்மா.”

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. மானின் மூச்சும் கேட்டது. “சரி, மூடுங்க. செல்விய எங்கூடப் பேசிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க சார். இருட்டுல கொரலு கேட்டா போதும்” என்றார்.

ஈரச் சாக்கு நான்கைச் சன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டோம். ஒரு காயம்பட்ட பெண்ணை, கொம்பு மானோடு இருட்டில் வைத்து அடைத்துவிட்டு வந்தேன். என் உத்தியோகத்தில் அதைப்போல ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

மெஷின் மறுபடி ஓடியது. வாசலுக்கு ஒரு பக்கமாகப் பெண்கள் வர்ணக் கிண்ணங்களோடு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள். அன்று பூசிய பொம்மைகளுக்குக் கண் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்திருக்கும். முருகவேலைப் பச்சைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பனியனோடு, பொம்மைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிமிர்ந்து நடக்கச் சொன்னேன். செல்வி கொட்டகைப் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினாள்.

“அக்கா, மச்சான் நேத்து துபாயிலேர்ந்து போன் பண்ணாரா?”

செல்வி அதையே இன்னும் சத்தமாகக் கேட்டாள். நான் வாசல் சுவரோடு நின்றிருந்தேன்.

“பண்ணாரு” என்றது சாஜிதாவின் குரல்.

“என்னா சொன்னாரு?”

“ரம்ஜானுக்கு லீவு கேட்டிருக்காராம்.”

“போன வருஷமும் இதத்தான சொன்னாரு? வரல.”

“இந்த வருஷம் வருவாருடி.”

“வந்தா எனக்கு என்னா வாங்கியாருவாரு?”

“கோடாலித் தைலம்.”

பெண்களில் யாரோ சிரித்தார்கள். மானைத் தாண்டித்தான் அந்தப் பேச்சு போய் வந்துகொண்டிருந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றாததைப் பேசினார்கள். செல்வியின் தம்பிக்குப் பெண் பார்த்ததைப் பேசினார்கள். சாஜிதாவின் குரல் இரண்டு முறை தேய்ந்து போனது. இரண்டு முறையும் செல்வி விடாமல் கேள்வி கேட்டு அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தாள்.

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. உடைந்த பொம்மை ஒன்று குளம்பின் கீழே நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. நான் ஓனர் பக்கம் திரும்பிக்கொண்டு, “வெயிலு இந்த வருஷம் ஜாஸ்திதான் சார்” என்றேன். வேறு பேச்சு வரவில்லை. அதையே மூன்று தடவை சொன்னேன். அவரும் மூன்று தடவை, “ஆமா சார், ஜாஸ்திதான்” என்றார். கடைக்கண்ணில் கொம்பு தெரிந்தது. வாசலில் ஒரு நிமிஷம் நின்றது. பெண்களைப் பார்த்தது, தட்டோடு நடந்த முருகவேலைப் பார்த்தது. எனக்கும் அதற்கும் நடுவில் நான்கு அடி இருக்கும். பிறகு, சந்தைக்கு வந்த ஆள் கிளம்புவது போல, நடந்தே முற்றத்தைக் கடந்து பின்பக்க வேலி இடைவெளியில் நுழைந்து கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது. செல்விதான் முதலில் கொட்டகைக்குள் ஓடினாள்.

சாஜிதாவை எங்கள் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மான் மூன்றாம் நாள் ஒரு முந்திரி மரத்தடியில் செத்துக் கிடந்தது. டாக்டரம்மா அறுத்துப் பார்த்தார். “நாய் துரத்துனதோட விட்டிருந்தா பொழச்சிருக்கும் சார்” என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவருடைய நல்ல மனசு.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும், நானும் சேர்த்துத்தான், இரண்டு சனிக்கிழமை ஆட்டுப்பட்டிக்குப் போனோம். அங்கே முதல் நாள் முழுக்க அவர் எங்களை ஆட்டைத் தொடவே விடவில்லை. பட்டிக்குள் நின்று ஒருவரோடொருவர் வெறுமனே பேசிக்கொண்டிருக்கச் சொன்னார். எந்த ஆடு எப்போது காதைத் திருப்புகிறது, எப்போது அசைபோடுவதை நிறுத்துகிறது என்று எழுதச் சொன்னார். முருகவேல் அதிலும் முதலாக வந்தான். இப்போது அவனே நல்ல அதிகாரி, அவனிடம் வேலை பார்ப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

விலை கூடிய பயிற்சி மட்டம், இலவசம் உசத்தி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரியாணிப் பொட்டலமும் வருகைப் பதிவும் தவிர வேறொன்றும் இல்லாத இலவச வகுப்புகளிலும் நான் தூங்கியிருக்கிறேன். மலையில் படித்ததும் வீணாகவில்லை. மான் கணக்கெடுப்பு வந்தபோது அதே தவழ்தல்தான் கைகொடுத்தது. நான் செய்த தப்பு, எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்று பார்க்காமல் போட்ட கையெழுத்து. அதைவிடப் பெரிய தப்பு, முருகவேல் திரும்பிப் பார்த்தபோது விரித்த கை. மான் காலை அடித்துச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததைவிடப் படிவத்தை நம்பினேன். இதை ரேஞ்சருக்கு அப்படியே எழுதிக் கொடுத்தேன். முருகவேலின் மேல் ஒரு வரிகூட விழாமல் பார்த்துக்கொண்டேன். அது ஒன்றுதான் அந்த விஷயத்தில் நான் ஒழுங்காகச் செய்தது.

இரண்டு மாதம் கழித்து மங்கலம்பேட்டைக்குப் போனேன். போகாமலே இருந்துவிடலாம் என்று பல நாள் தள்ளிப்போட்ட பிறகுதான் போனேன். சாஜிதா கட்டுப் பிரித்திருந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. கத்தி பிடிக்க முடியாது. பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அதில் கூலி கொஞ்சம் குறைவு. என்னை உள்ளே உட்காரச் சொல்லி, இடது கையால் டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார்.”

“கேளும்மா.”

“அந்தத் தம்பி ஊந்து வந்துச்சுல்ல, அப்ப தம்பி மொகம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. தம்பியும் என்னப் பாத்துச்சு. எனக்குப் பக்கத்துல இருந்த அடுக்குக்கு அடியில எடம் இருந்துச்சு சார். ‘அக்கா, அடியில பூந்துக்க’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பூந்திருப்பேன். ஏன் சார் சொல்லல?”

“நான்தாம்மா பேசக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனேன்.”

“மான் பயந்துடும்னா?”

“ஆமாம்மா.”

அவர் அந்த இரண்டு விரலையும் இடது கையால் பிடித்து மடக்கிப் பார்த்தார். விட்டதும் அவை மறுபடி நீட்டிக்கொண்டன.

“நான் உள்ள இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?” என்று கேட்டார்.

“தெரியும்மா” என்றேன்.